தலைமாட்டில் சார்ஜர்... தலைக்கு மேல் ஆபத்து!

2022 மார்ச் மாதம். வேலூர் அல்லாபுரத்தில் ஒரு வீடு. புதுசாக வாங்கிய எலக்ட்ரிக் ஸ்கூட்டரை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினார் வீட்டுக்காரர். எல்லோரும் அசந்து தூங்கும் நேரத்தில் வண்டி தீப்பிடித்தது. அவரும், அவருடைய 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள்.

அடுத்த மாதமே விஜயவாடாவில் இன்னொரு கொடுமை. கழற்றி எடுத்துவந்து படுக்கையறையில் சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் பேட்டரி வெடித்து, குடும்பத் தலைவரின் உயிர் போனது.

'சித்த வைத்தியருக்கும் பேட்டரிக்கும் என்னங்க சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். இருக்கிறது! வந்த நோய்க்கு மருந்து சொல்வதற்கு முன்னால், நோய் அணுகாமல் இருக்க வழி சொல்வதுதான் சித்த மருத்துவம். அதோடு, நாங்கள் தீயோடு பழகியவர்கள். தீபம் போல் எரிந்தால் தீபாக்கினி, தாமரை போல் விரிந்தால் கமலாக்கினி, காட்டுத்தீ போல் மூண்டால் காடாக்கினி என்று அடுப்புத் தீயையே மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறோம். புடம் போடும்போது வரட்டியை எண்ணித்தான் அடுக்குவோம். அளவு தப்பினால் மருந்தே கெட்டுவிடும்.

வீட்டில் இருக்கும் பேட்டரியும் அடக்கி வைத்த ஒரு தீதான். அளவு தப்பினால்? சில விநாடிகளில் காடாக்கினி!

உள்ளே என்ன இருக்கிறது?

செல்போன், லேப்டாப், ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் இன்று இருப்பது பெரும்பாலும் லித்தியம் அயான் பேட்டரி. 1991-ல் கடைக்கு வந்தது. இதை உருவாக்கியதற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். நல்ல பொருள்தான், சந்தேகமில்லை.

அதன் உள்ளே இரண்டு தகடுகள். நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் திரை. சுற்றிலும் எளிதில் தீப்பற்றும் திரவம். பேட்டரி கீழே விழுந்து நசுங்கினாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ, அதிகமாகச் சூடானாலோ அந்தத் திரை கிழியும். இரண்டு தகடும் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்! உள்ளேயே சூடு பிறந்து, அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பி, வாயு முட்டி வெடிக்கும். ஒரு செல் வெடித்தால் பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும். வரும் புகையில் நுரையீரலை அரிக்கும் நச்சு வாயுவும் உண்டு.

பென் டிரைவ் மாதிரி ஒன்று...

தாய்மார்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பையன் மேஜையில் பேனா மாதிரியோ, பென் டிரைவ் மாதிரியோ ஒன்று சார்ஜில் கிடக்கிறதா? பழ வாசனை அடிக்கிறதா? அது 'வேப்' என்கிற இ-சிகரெட்டாக இருக்கலாம். 2019-ல் வந்த மத்திய அரசுச் சட்டப்படி இதைத் தயாரிப்பது, விற்பது, விளம்பரம் செய்வது, இருப்பு வைப்பது எல்லாமே குற்றம். முதல் தடவை விற்றுப் பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்படியும் திருட்டுத்தனமாகக் கைமாறுகிறது.

திருட்டுச் சரக்குக்குத் தர முத்திரை ஏது? உள்ளே எந்த பேட்டரி, சார்ஜ் நிறைந்தால் தானாக நிற்குமா என்பது யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் 2009 முதல் 2016 வரை பத்திரிகைகளில் வந்த இ-சிகரெட் வெடிப்பு, தீ விபத்துகளை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கெடுத்தது. மொத்தம் 195. அதில் 48 சார்ஜ் ஏறும்போது நடந்தவை. குழாய் வடிவம் என்பதால் உள்ளே வாயு முட்டியதும் ராக்கெட் மாதிரி சீறிப் பாய்கிறதாம்!

அப்படி ஒன்று கண்ணில் பட்டால் சார்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். கோபத்தில் உடைக்கவோ, அடுப்பில் போடவோ, குப்பையில் வீசவோ வேண்டாம். நசுங்கினால் அதுவே தீயாகும். எலெக்ட்ரானிக் கழிவு வாங்குமிடத்தில் சேர்த்துவிடுங்கள். பையனை அடித்துப் பயனில்லை. அது நிகோடின் பிடித்த பிடி. புகையிலைப் பழக்கத்தை விட உதவும் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. அவனை உட்காரவைத்து நீங்களே பேசச் சொல்லுங்கள்.

சார்ஜ் போடும் முறை

* தூங்கும்போது எதையும் சார்ஜில் விடாதீர்கள். விழித்திருக்கும்போது போட்டு, நிறைந்ததும் சுவிட்சை நிறுத்தி எடுத்துவிடுங்கள்.

* மெத்தை, தலையணை, சோபா மேல் கூடவே கூடாது. சூடு வெளியேற வழியில்லை. சிமென்ட் தரை, ஓடு பதித்த தரைதான் நல்லது.

* அந்தப் பொருளோடு வந்த சார்ஜரையே போடுங்கள். 'முனை பொருந்துகிறதே' என்று கிடைத்ததைச் சொருகக் கூடாது.

* ஸ்கூட்டரை வாசற்படியிலோ, நடையிலோ நிறுத்திச் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் நீங்கள் ஓட வேண்டிய வழியே அதுதான். வில்லியனூர், பாகூர் பக்கம் இன்னும் கூரைக் கொட்டகைகள் உண்டு. அதன் அடியிலும், வைக்கோல் போருக்குப் பக்கத்திலும், கேஸ் சிலிண்டர் அருகிலும் வேண்டாம்.

* வெயிலில் ஓடி வந்த வண்டியை உடனே சார்ஜில் போடாதீர்கள். கொஞ்ச நேரம் ஆறட்டும்.

* பேட்டரி உப்பியிருந்தால், கசிந்தால், வினோதமான வாசனையோ 'உஸ்' சத்தமோ வந்தால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது. இன்னும் ஒரு மாதம் ஓட்டலாமே என்று பார்க்காதீர்கள்.

* வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் துடைத்துக் காயவைத்துச் சார்ஜ் போடவே கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நம் பக்கத்துக் கிராமங்கள் பட்ட பாடு மறந்திருக்காது. தண்ணீர் உள்ளே போன பேட்டரி நாள் கழித்தும் தீப்பிடிக்கும். வீட்டைவிட்டுத் தள்ளி, திறந்த வெளியில் வைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

தீப்பிடித்துவிட்டால்?

முதலில் ஆட்கள், அப்புறம்தான் பொருள். குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியேற்றுங்கள். புகை மேலே தேங்கும். அதனால் தரையோடு தாழ்ந்து நகருங்கள். போகும்போது அந்த அறைக் கதவைச் சாத்துங்கள். கைக்கு எட்டினால் மட்டும் மெயினை அணையுங்கள். மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். அணைந்தது போலத் தெரியும் பேட்டரி சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றும். அதை உள்ளே கொண்டுவராதீர்கள்.

சுட்டுவிட்டால்?

சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். 108 இருக்கிறது. பேட்டரித் திரவம் கண்ணில் பட்டாலும் தண்ணீரால் 20 நிமிடம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பேஸ்ட், இங்க், மாவு, மஞ்சள், எண்ணெய்... எதையும் பச்சைக் காயத்தில் பூசாதீர்கள். இதைச் சொல்வது ஒரு சித்த வைத்தியர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்! எங்களிடம் குங்கிலிய வெண்ணெய் போன்ற நல்ல மருந்துகள் உண்டு. ஆனால் அவை மருத்துவர் காயத்தைப் பார்த்த பிறகு, ஆறும் கட்டத்தில் தருபவை. சுட்ட கையோடு பாட்டி வைத்தியம் தேடினால் சீழ்தான் பிடிக்கும்.

மேலே காயமே இல்லை, புகையை மட்டும் சுவாசித்தார் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இருமல், குரல் கம்மல், மூச்சிரைப்பு சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

படுக்கப் போகுமுன் கேஸை மூடினோமா, கதவைத் தாழ் போட்டோமா என்று பார்க்கிறோம் அல்லவா? இனிமேல் சார்ஜர் சுவிட்ச்களையும் ஒரு பார்வை பாருங்கள். அரை நிமிட வேலைதான். வீடே நிம்மதியாகத் தூங்கும்.