பாமினியில் அடித்த பழைய எழுத்தை லினக்ஸுக்குக் கொண்டுவந்த விருத்தாந்தம்

லினக்ஸ் கணினிக்குள்ளே மெய்நிகர் யந்திரமாக வின்டோஸை ஓட்டி, அங்கே கொப்பி பண்ணிய தமிழை இங்கே பேஸ்ட் பண்ணியதும், தமிழ் எழுத்துக்குப் பதிலாக ஆங்கில அட்சரங்களும் அரைப்புள்ளிகளும் வந்து நின்றதைக் கண்டு திகைத்தவர்கள், பாமினி எழுத்துருவில் உழைத்த நம் இலங்கைத் தலைமுறையில் அநேகர் இருப்பார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

2022 ஆம் ஆண்டில், 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 300 ஐயும் தாண்டிப்போய், புதிய கணினி என்ற பேச்சுக்கே இடமில்லாமற் போன வேளையில், பாலையூற்றில் என் வீட்டிலிருந்த பழைய பெட்டியில் உபுண்டு லினக்ஸை நிறுவி, பேஜ்மேக்கரில் அடுக்கிய பழைய நினைவு மலர்களைத் திறப்பதற்காக மட்டும் வர்ச்சுவல் பொக்ஸில் வின்டோஸ் 7 ஐ வைத்துக்கொண்டேன். அந்த மலர்களில் உள்ள கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றி, ஊரின் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலும் வாசிக்கும்படி செய்யவேண்டும் என்பதே என் நோக்கம்.

உள்ளே ஓடும் வின்டோஸையும் வெளியே உள்ள லினக்ஸையும் கிளிப்போர்டால் இணைக்கும் வேலையில் விசேஷம் ஒன்றுமில்லை. விருந்தினர் யந்திரமாகிய வின்டோஸுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் என்னும் துணை மென்பொருளை நிறுவி மறுபடி இயக்குங்கள். டிவைசஸ் பட்டியலில் ஷெயர்ட் கிளிப்போர்டைத் திறந்து திசையைத் தெரிவுசெய்யுங்கள். வர்ச்சுவல் பொக்ஸைப் புதுப்பித்தால் கெஸ்ட் அடிஷன்ஸையும் உடன் புதுப்பியுங்கள். அவ்வளவுதான்.

என் காலத்தையும் காசையும் தின்றது இதற்குப் பின் வந்த விஷயம். ஒட்டிய இடத்தில் தமிழ் வரவில்லை என்றதும், நகரில் கணினி திருத்தும் கடையொன்றில் இருந்த தம்பி, "சேர், கிளிப்போர்ட் பழுதாப் போச்சு, உந்த லினக்ஸாலதான்" என்று தீர்ப்புச் சொல்லி, முதலில் கெஸ்ட் அடிஷன்ஸை நீக்கிப் போடவைத்து, பிறகு வின்டோஸையே அழித்து நிறுவவைத்து, எதிலும் பலன் காணாமல், "லினக்ஸைத் தூக்கிப்போட்டு வின்டோஸையே போடுங்கோ" என்றும் உபதேசித்தார். ஒரு நிமிஷப் பரிசோதனை போதுமாயிருந்தது: உள்ளே நோட்பேடில் ஓர் ஆங்கில வாக்கியத்தை அடித்து வெளியே ஒட்டிப் பார்த்திருந்தால், அது ஒரு பிசகுமின்றி வந்திருக்கும், பாலம் பழுதில்லை என்பது அப்போதே நிரூபணமாகியிருக்கும். அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் யாராவது எதையாவது அழிக்கச் சொன்னால், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

உண்மை யாதெனில், கிளிப்போர்ட் கடத்துவது எழுத்தின் குறியீட்டையே அன்றி அதன் உருவத்தை அல்ல. பாமினியோ ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகளின் மேல் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. 'அ' இருப்பது எம் என்னும் ஆங்கில எழுத்தின் இடத்தில், 'க' இருப்பது எஃப் இடத்தில், 'இ' இருப்பதோ காற்புள்ளியின் இடத்தில். ஆகவே 'இலங்கை' என்ற சொல்லை வெறும் எழுத்தாக ஒட்டினால் காற்புள்ளி, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எஃப் என்ற வரிசையே வரும். அப்படி வருவதுதான் சரி. அந்த வரிசையை ஒரு யூனிகோடு மாற்றியில் இட்டால் 'இலங்கை' பழுதின்றித் திரும்பக் கிடைக்கும்.

எழுத்துக்கு எழுத்து நீங்களே தேடி மாற்றலாம் என்று மட்டும் எண்ணவேண்டாம். பாமினியில் ஐகாரக் குறி ககரத்துக்கு முன்னே நிற்கும். யூனிகோடில் பின்னே நிற்கும். ஒகர உயிர்மெய்களில் குறி இரண்டாகப் பிரிந்து மெய்க்கு இருபுறமும் நிற்பதால் சிக்கல் இன்னும் அதிகம். இந்த இடமாற்றத்தை அறிந்து செய்யும் மாற்றியே பிரயோசனப்படும். அதைக்காட்டிலும் கவனிக்கவேண்டியது, கட்டுரையின் நடுவே வரும் ஆங்கிலச் சொற்கள். எது பாமினி, எது ஆங்கிலம் என்ற பேதம் எழுத்துருவின் பெயரில் மாத்திரமே இருந்தது. வெறும் எழுத்தாக ஒட்டும்போது அந்தப் பெயர் உடன் வருவதில்லை. ஆதலால் மாற்றி, ஆங்கிலப் பெயர்களையும் முகவரிகளையும் தமிழென்று கொண்டு சிதைத்துவிடும். இரண்டு மொழியும் கலந்த பக்கங்களைக் கிளிப்போர்டில் எடுக்காமல், எழுத்துருப் பெயர் நிலைக்கும் கோப்பாகச் சேமித்து, ஷெயர்ட் ஃபோல்டர் வழியாக வெளியே கொண்டுவந்து, பாமினிப் பகுதியை மட்டும் தெரிந்து மாற்றுவதே உத்தமம்.

கிளிப்போர்டின் திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபுறமும் திறந்துவிடுவதே சௌகரியம் என்று பலரும் சொல்வர். நான் உள்ளிருந்து வெளியே என்ற ஒருவழியை மட்டும் வைத்தேன், அந்தத் தீர்மானத்தை இன்றைக்கும் மாற்றமாட்டேன். வின்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 இல் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத ஒரு யந்திரத்துக்கு, வெளியே நான் கொப்பி பண்ணும் வங்கிக் கடவுச்சொல் எட்டவேண்டிய அவசியம் என்ன? அதன் வலையமைப்பையும் துண்டித்தே வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பாமினியில் அடித்த கோப்புகள் கிடந்தால், அவற்றைத் திறக்கும் பழைய மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கையிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மூலக் கோப்பையும் அழிக்காமல் கூடவே வையுங்கள்.