மாமல்லபுரக் கடற்கரைசார் இணையதளங்களும் தேடுபொறி வெளிப்பாடும்: பதிவு, ஊர்ப்பெயர், இணைப்பு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இணையதளம் உருவாக்கப்பட்ட அளவிலேயே வாசகரைச் சென்றடைவதில்லை. தேடுபொறி அதனை அறிதல், வாசகர் இடும் சொல்லோடு அதனைப் பொருத்துதல், அதன் தகுதியை மதித்தல் ஆகிய மூன்றும் நிகழ்ந்தாலே அது கண்ணில் படும். இம்மூன்றும் முறையே பதிவு, சொல்வடிவம், இணைப்பு ஆகியவற்றைச் சார்ந்தவை. செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரக் கடற்கரையைக் களமாகக் கொண்டு இவற்றை ஆராயும் இக்கட்டுரை, தமிழ்த் தளங்களின் பின்னடைவுக்குத் தொழில்நுட்பக் குறைபாட்டினும் பெயர்வழக்கில் காட்டப்படும் கவனக்குறைவே முதன்மைக் காரணம் என்னும் கருதுகோளை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: தேடுபொறி, தளவரைபடம், ஊர்ப்பெயர், புணர்ச்சி, இணைப்புருவாக்கம், மேற்கோள் மரபு.

முன்னுரை

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரைப் பகுதியின் நடுவே அமைந்தது மாமல்லபுரம். இங்குள்ள பல்லவர் காலச் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. 1957இல் தொடங்கப்பட்ட சிற்பக் கல்வி நிறுவனம் இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. இவ்வூரின் கற்சிற்பம் 2017இல் புவிசார் குறியீடு பெற்றது.

கோயில் திருப்பணிக்குச் சிலை செய்விக்க விரும்பும் அயலகத் தமிழர் ஒவ்வொரு முறையும் நேரில் வந்து பட்டறையைத் தேர்வதில்லை. தேடுபொறியில் சொல்லை இடுகின்றனர். அங்குச் சிற்பியின் தளம் தோன்றாதபோது, உளி பிடித்தறியாத இடைத்தரகரின் தளம் முன்னிற்கிறது. ஆகவே தேடுபொறியில் வெளிப்படுதல் என்பது இக்கலைஞர்களைப் பொறுத்தவரை வாழ்வாதாரச் சிக்கலாகும்.

தேடுபொறிப் பதிவு

1994இல் தோன்றிய யாகூ அடைவும், 1998இல் தொடங்கி 2017இல் மூடப்பட்ட டிமாஸ் என்னும் திறந்த அடைவும் மனிதர்களால் தொகுக்கப்பட்டவை. அக்காலத்தில் தளத்தின் முகவரியைப் படிவத்தில் நிரப்பி அனுப்புவதே பதிவு எனப்பட்டது. இன்று தேடுபொறியின் ஊர்விகள் இணைப்புகளைப் பின்பற்றித் தாமே புதிய பக்கங்களைக் கண்டறிகின்றன. 2005இல் கூகுள் அறிமுகப்படுத்திய தளவரைபட முறையை 2006இல் யாகூவும் மைக்ரோசாப்டும் ஏற்றன. தளத்திலுள்ள பக்கங்களின் முகவரிகளை ஒரே கோப்பில் தொகுத்து, கூகுளின் தேடல் பணியகம், பிங்கின் தள நிர்வாகிக் கருவி ஆகியவற்றின் வழியே அளிப்பதே இன்றைய பதிவு. இதற்குக் கட்டணம் இல்லை. எனவே நூற்றுக்கணக்கான தேடுபொறிகளில் பதிவு செய்து தருவதாகக் கூறிப் பணம் பெறும் விளம்பரங்களால் பயன் சிறிதே.

பதிவு என்பது அழைப்பு மட்டுமே; முன்னிலையில் தோன்றுவதற்கான உறுதி அன்று. பெயர்ப்பலகைகளைப் போலப் படமாக்கி இடப்பட்ட தமிழ் எழுத்தையும், ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்த பக்கங்களையும் தேடுபொறி உரியவாறு படித்தறிவது அரிது.

ஊர்ப்பெயரும் சொல்வடிவமும்

ஆவணங்களிலும் வழக்கிலும் இவ்வூர் ஒரே பெயரால் வழங்கப்படவில்லை. அரசு வழக்கு மாமல்லபுரம். யுனெஸ்கோ பட்டியலும் புவிசார் குறியீட்டுப் பதிவும் கொண்டிருப்பது மகாபலிபுரம். வைணவ மரபில் இது திருக்கடல்மல்லை. மேலைநாட்டுப் பயணக் குறிப்புகளில் ஏழு கோயில் நகரம். பக்தர், பயணி, சிற்பம் வாங்குவோர் ஆகிய மூவரும் மூன்று வேறு சொற்களைக் கொண்டு ஓர் ஊரைத் தேடக்கூடும். ஒரு பெயரை மட்டும் ஆளும் தளம் ஏனைய வாசகரை இழக்க நேரிடும்.

மாவட்டப் பெயரும் இத்தகையதே. 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிக்கப்பட்டது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்ட பக்கங்கள் மாமல்லபுரத்தைக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் காட்டுகின்றன. முகவரி திருத்தப்படாத தளம், மாவட்டப் பெயரால் தேடுவோருக்கு எட்டாமற்போக வாய்ப்புண்டு. செங்கற்பட்டு, செங்கல்பட்டு என்னும் எழுத்து வேறுபாடும் கருதத்தக்கது.

புணர்ச்சி மற்றொரு தடையாகிறது. கட்டுரையாளர் ‘கற்சிற்பம்’ என்று எழுத, வாசகர் ‘கல் சிற்பம்’ என்றோ ‘கல் சிலை’ என்றோ தட்டச்சிடுகிறார். ‘மாமல்லபுரம்’ உருபேற்று ‘மாமல்லபுரத்தில்’ ஆகும்போது ஈற்று மகரம் கெட்டு அத்துச்சாரியை புகுகிறது. வேர்ச்சொல்லைக் கண்டறியும் திறன் தேடுபொறிகளில் வளர்ந்து வரினும், தலைப்பில் பிரிந்த வடிவத்தையும் உடற்பகுதியில் புணர்ந்த வடிவத்தையும் இயல்பாக ஆளுதல் நன்று.

இணைப்பும் மேற்கோள் மரபும்

1998இல் செர்ஜி பிரின், லாரி பேஜ் ஆகியோர் வெளியிட்ட பக்கத்தர முறை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்பதோடு, சுட்டும் பக்கத்தின் தகுதியையும் கணக்கிட்டது. ஆய்வுலகின் மேற்கோள் வழக்கமே இதற்கு முன்மாதிரி. இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. வளையாபதி முழுமையாகக் கிட்டவில்லை. உரையாசிரியர் மேற்கோள்களாலும் புறத்திரட்டுத் தொகுப்பாலும் அதன் பாடல்கள் சில எஞ்சின. பிறர் எடுத்தாள்வதாலேயே ஒரு பனுவல் நிலைபெறும் என்பதற்கு இது சான்று.

ஆனால் மேற்கோள் விலைக்கு வாங்கப்படுமாயின் அதன் மதிப்பு அழியும். 2005இல் தேடுபொறி நிறுவனங்கள் ‘பின்பற்றற்க’ என்னும் குறியீட்டை ஏற்றன. விக்கிப்பீடியாவின் புற இணைப்புகள் இக்குறியுடையவை. 2012 ஏப்ரலில் கூகுள் வெளியிட்ட பெங்குவின் மாற்றம், செயற்கை இணைப்புகளைக் குவித்த தளங்களைப் பின்தள்ளியது. ஆதலின் ஒரு சிற்பப் பட்டறைக்கு உரிய இணைப்புகள் அதன் உண்மை உறவுகளிலிருந்தே வருதல் வேண்டும்: பயின்ற கல்லூரி, சிலை நிறுவப்பட்ட கோயிலின் தளம், கைவினைஞர் கூட்டுறவு, சுற்றுலாத் துறை, அக்கலையை ஆராய்ந்த பல்கலைக்கழகத் துறை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. தேடுபொறிப் பதிவு தேவையான முதற்படி. அது கட்டணமின்றி இயல்வது. ஆயினும் தன்னளவில் போதுமானதன்று.

2. ஓர் ஊரின் பல பெயர்களையும், மாவட்டப் பெயர் மாற்றங்களையும், புணர்ச்சி வடிவங்களையும் தளத்தின் தலைப்பிலும் விளக்கத்திலும் பொருத்தமுற ஆளுதல் வெளிப்பாட்டுக்கு வழிவகுக்கும். இப்பணிக்குத் தமிழ் கற்றோரின் பங்களிப்பு இன்றியமையாதது.

3. இணைப்பு என்பது சான்று. உண்மை உறவிலிருந்து வருவதே நிலைக்கும். விலைக்குப் பெற்றது தளத்துக்கே கேடாகும்.

கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் தத்தம் வட்டாரக் கைவினைஞரின் தளங்களுக்கு ஊர்ப்பெயர்ப் பட்டியலும் விளக்கவுரையும் அமைத்துத் தரும் களப்பணியை மாணவர்க்குரிய பாடமாக்கலாம். அவ்வாறு செய்யின், சிற்பியின் பெயர் இடைத்தரகரின் பெயருக்குப் பின்னே மறையாமல் தேடுவோர் கண்ணில் படும்.