மனு கொடுக்க வராதவர்கள்

அன்புள்ள கயல்,

திண்டிவனத்து மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சட்டமன்ற உறுப்பினருக்கு எப்படித் தெரியும் எனக் கேட்டிருந்தாய். பெரும்பாலும், தேடி வந்து சொல்பவர்களை வைத்துத்தான். திங்கள்கிழமைதோறும் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வரும் மனுக்களில் உண்மையான துயரம் இருக்கிறது. ஆனால் கரும்பு வெட்டப் போகும் பெண், அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வர முடியுமா? 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெடுஞ்சாலையில் மறியல் செய்த ஊர்களின் கோபம் டிவியில் தெரிந்தது. உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கு மறிக்கச் சாலையே இல்லை.

வராதவர்களிடம் நாம்தான் போக வேண்டும். வாக்காளர் பட்டியலில் குலுக்கல் முறையில் பெயர் எடுத்துக் கேட்கலாம். ஆனால் மாநிலம் முழுக்க 3,000 பேரைக் கேட்டாலும், 234 தொகுதிகளுக்குப் பிரித்தால் திண்டிவனத்துக்குச் சுமார் 13 பேர்தான். அதை வைத்து ஒரு தொகுதியின் மனதைச் சொல்ல முடியாது.

1997-ல் ஆண்ட்ரூ கெல்மன், தாமஸ் லிட்டில் என்ற இருவர் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். திண்டிவனத்து இளம்பெண் ஒருத்தி மட்டுமே சிக்கினாளா? வானூரிலும் விக்கிரவாண்டியிலும் அதே வயதும் படிப்பும் உள்ள பெண்கள் சொன்னதையும் சேர்த்துப் பார்த்து, தொகுதிக்குத் தொகுதி மாறும் போக்குக்கும் இடம் கொடுத்து, அத்தகையவர்களின் கருத்தைக் கணிக்க வேண்டும். பிறகு அவர்கள் திண்டிவனத்தில் எத்தனை பேர் என்று மக்கள்தொகைக் கணக்கில் பார்த்து, அந்த அளவுக்கு எடை தர வேண்டும்.

எம்.பி.யின் மக்களவைத் தொகுதிக்கும் இப்படிக் கணிக்கலாம். ஆனால் நம் பக்கத்தில் சிக்கல் இந்த எடையில்தான். 2011 கணக்கெடுப்பின்போது கள்ளக்குறிச்சியும் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது, 2019-ல் பிரிந்தது. உளுந்தூர்பேட்டை கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போனாலும் விழுப்புரம் மக்களவைத் தொகுதியில்தான் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து மயிலமோ ஆரணித் தொகுதியில். மாவட்டக் கணக்கை அப்படியே எடுத்தால் வேறு யாருடைய கருத்தையோ எம்.பி.யிடம் நீட்டுவோம். ஊர் ஊராகக் கூட்டித்தான் எடுக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் அதைச் செய்யாத கணிப்பை நான் நம்ப மாட்டேன்.

நீயும் தோழிகளும் கருத்துக் கேட்கக் கிளம்பினால், 'சாலை வேண்டுமா?' என்று கேட்காதீர்கள். யார் வேண்டாம் என்பார்கள்? இருக்கிற பணத்தில் முதலில் சாலையா, மழைநீர் வடிகாலா என்று கேளுங்கள். ஊர்த்தெருவோடு திரும்பிவிடாமல் காலனிக்கும் போங்கள், வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பிறகு. குலுக்கலில் வந்தது அம்மாவின் பெயர் என்றால், வீட்டு ஆண்கள் முந்திக்கொண்டு சொல்வதை எழுதிக்கொள்ளாமல், அம்மா வாய் திறக்கும் வரை காத்திருங்கள்.

அன்புடன்,
அத்தை