காணி வியாபாரத்தைக் காதால் கற்கலாமா?

கடையில் கொஞ்சம் மிச்சம் பிடித்ததும் நம்மவர்களின் கண் முதலில் போவது காணியின் மீதுதான். வாப்பாமார் காலத்தில் இந்தப் பாடத்தைத் தரகரும் நொத்தாரிசும் கடைத் திண்ணைப் பேச்சும் சொல்லிக் கொடுத்தன. இன்றைய இளம் வியாபாரிகள் அதைப் போனிலிருந்து கற்க விரும்புகிறார்கள். அண்மைக் காலமாக என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் தம்பிமார் பலர், "நானா, ரியல் எஸ்டேட் படிக்க நல்ல பொட்காஸ்ட் எது?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கேள்வி நியாயமானது. இவ்வாரம் அதையே எடுத்துக்கொள்வோம்.

பொட்காஸ்ட் என்பது வேண்டிய நேரத்தில் போட்டுக் கேட்கக்கூடிய ஒரு வானொலி நிகழ்ச்சி, அவ்வளவுதான். பெரும்பாலானவை இலவசம். இரவில் வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் பகலில் டேட்டாச் செலவும் இல்லை. வியாபாரிக்குக் கையும் கண்ணும் ஓய்வதில்லை. சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போகும் நான்கு மணி நேரத்தில் காது மட்டும் சும்மா இருக்கிறது. அந்த வகையில் இது நமக்குத் தோதான பள்ளிக்கூடம்தான். ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எந்த நாட்டுப் பாடத்திட்டம், நடத்துபவர் யார், கட்டணம் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் விசாரிக்கிறோம் அல்லவா? இங்கும் அதே விசாரணை தேவை.

ஆரம்பத்தில் உள்ளவர்கள் பெரும்பாலும் போய்ச் சேருவது அமெரிக்க நிகழ்ச்சிகளிடம். அவற்றுள் பெயர் பெற்றது பிகர் பொக்கெட்ஸ். ஜோஷுவா டோர்க்கின் என்பவர் 2004 இல் தொடங்கிய இந்நிறுவனம் 2013 இல் பொட்காஸ்டை ஆரம்பித்தது. முதலீட்டாளர் ஒருவர் வந்து, வீட்டை என்ன விலைக்கு வாங்கினார், திருத்த எவ்வளவு போனது, வாடகை எவ்வளவு வருகிறது என்று தொகை தொகையாகச் சொல்லுவார். இந்தப் பழக்கத்தைக் கற்பதற்காகவே சில நிகழ்ச்சிகளைக் கேட்கலாம் என்பேன். நம்மூரில் "பத்துக்கு வாங்கினேன், இருபதுக்குக் கொடுத்தேன்" என்பவர், இடையில் கட்டிய மதிலையும் கொடுத்த தரகையும் வாயால் சொல்வதில்லை.

ஆனால் அவர்கள் நிற்கும் தரை வேறு. அமெரிக்காவில் வீட்டுக் கடனை 30 வருடங்களுக்கு ஒரே வட்டியில் எடுக்கலாம். முதல் மாதத் தவணைதான் கடைசி மாதத் தவணையும். அதை நம்பித்தான் 'வாங்கு, திருத்து, வாடகைக்கு விடு, அதே வீட்டின் மீது மறுபடி கடனெடு, அடுத்ததை வாங்கு' என்ற வித்தையைச் சொல்லித் தருகிறார்கள். நமக்கு வட்டி ஹராம், அதில் பேச்சுக்கு இடமில்லை. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் இந்த வித்தை இங்கே ஓடாது. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி நமது மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்கள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். இஸ்லாமிய வங்கிமுறையில் குறைந்து செல்லும் முஷாரகா இருக்கிறது. வங்கியும் நீங்களும் கூட்டாக வாங்கி, வங்கியின் பங்கை நீங்கள் சிறுகச் சிறுக வாங்கிக்கொண்டு, மீதிப் பங்குக்கு வாடகை கொடுக்கும் முறை. அந்த வாடகையும் இடையிடையே மீளாய்வு செய்யப்படலாம் என்பதால் ஒப்பந்தத்தில் அந்தப் பந்தியை வாசித்துவிட்டே கையொப்பமிட வேண்டும். இதையெல்லாம் அமெரிக்கப் பொட்காஸ்ட் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அவர்கள் ஓயாமல் பேசும் 1031 ஆம் பிரிவு, விற்ற ஆதனத்துக்குப் பதிலாக இன்னொன்றை வாங்கி ஆதாய வரியைத் தள்ளிப்போடும் வழி. அது அவர்களின் வரிச் சட்டம். நமக்கு மூலதன ஆதாய வரி 2018 ஏப்ரலில் 10 வீதமாக மீண்டும் வந்தது, பின்னர் கூட்டப்பட்டது.

இங்கிலாந்துக்காரர்களான ரொப் பென்ஸ், ரொப் டிக்ஸ் இருவரும் தொடங்கிய த ப்ரொபர்ட்டி பொட்காஸ்ட் இதைவிட நிதானமானது, ஆங்கிலமும் விளங்கும். கடன், குத்தகை பற்றிய பகுதிகளைத் தாண்டிவிட்டுக் கேட்கலாம்.

அடுத்தது, பேசுபவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பது. விளம்பரத்தாலோ புத்தகத்தாலோ வந்தால் பிழையில்லை, பத்திரிகையும் விளம்பரத்தால்தான் ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் 'எங்கள் பயிற்சி வகுப்பில் சேருங்கள்' என்று வந்தால், காணியில் சம்பாதிப்பவரா காணி பற்றிய பேச்சில் சம்பாதிப்பவரா என்று யோசியுங்கள். அமெரிக்காவில் 2019 இல் சூரிக்ஸ் என்ற நிறுவனத்துக்கு எதிராக அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழுவும் யூட்டா மாநிலமும் வழக்குத் தொடர்ந்தன. தொலைக்காட்சிப் பிரபலங்களின் பெயரில் இலவசக் கூட்டத்துக்கு அழைத்து, அங்கிருந்து 1,997 டொலர் கட்டணத்தில் மூன்று நாள் வகுப்புக்கு இழுத்து, அங்கிருந்து 40,000 டொலருக்கும் மேலான பயிற்சிக்குத் தள்ளினார்கள் என்பது குற்றச்சாட்டு. இலவசம் என்ற வாசல் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். இந்த ஏணி கொழும்பு ஹோட்டல்களுக்கு வர அதிக நாள் எடுக்காது.

இனி, உண்மையில் எதைக் கற்க வேண்டும்? கணக்கை. எந்த நாட்டுக்காரர் சொன்னாலும் கணக்கு கணக்குதான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். பிரதான வீதியில் ஒரு கடை, விலை 2 கோடி, மாத வாடகை 85,000 ரூபா. தரகர் சொல்லும் கணக்கு: வருடத்துக்கு 10 இலட்சத்து 20,000, ஆகவே 5 வீதத்துக்கும் மேல் வருமானம். நல்ல பொட்காஸ்ட் கேட்டவர் இப்படிப் போடுவார். முத்திரை வரி பொதுவாக முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஆகவே அதுவே 7 இலட்சத்து 99,000. நொத்தாரிசு, சேவையர், தரகு எல்லாம் சேர்த்தால் கையிலிருந்து போவது 2 கோடி 12 இலட்சம் என்று வைப்போம். வருடத்தில் ஒரு மாதம் கடை சும்மா கிடக்கும் என்று 11 மாத வாடகை: 9 இலட்சத்து 35,000. ஆதன வரி, கூரை திருத்தல், காப்புறுதி எல்லாம் 1 இலட்சத்து 35,000 போனால் மிச்சம் 8 இலட்சம். போட்ட காசுக்கு 3.8 வீதம்கூட வரவில்லை. இந்த 8 இலட்சத்தை அதே 2 கோடி 12 இலட்சத்துக்குச் சரக்கெடுத்தால் வரும் இலாபத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரும் முற்பணம் கொடுக்கக்கூடாது. விலை ஏறும் என்கிறீர்களா? ஏறலாம். ஏறும்வரை காத்திருக்க உங்கள் கடை தாங்குமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்கர்களிடம் ஒரு விதி உண்டு, மாத வாடகை விலையில் 1 வீதம் இருக்க வேண்டும் என்று. மேற்சொன்ன கடைக்கு அதன்படி மாதம் 2 இலட்சம் வர வேண்டும். நம்மூரில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொண்டு விதியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அமெரிக்கப் பொட்காஸ்டால் வரும் ஆபத்து சிறிது, ஏனென்றால் அது வேறு உலகம் என்பது கேட்கும்போதே தெரிகிறது. பெரிய ஆபத்து தமிழில் வருகிறது. ஆங்கிலம் சிரமம் என்று நம்மவர்கள் தமிழ்நாட்டு நிகழ்ச்சிகளைக் கேட்கிறார்கள். மொழி நம்முடையது, பேச்சும் நெருக்கமாக இருக்கிறது, ஆகவே சட்டமும் நம்முடையது போலத் தோன்றிவிடுகிறது. அவர்கள் சொல்லும் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் அங்குள்ள வருவாய்த்துறையோடும் பதிவுத்துறையோடும் சேர்ந்தவை. அளவுகூட வேறு: அவர்களின் ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நமது ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. அங்கே 2016 இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தின் பாதுகாப்பு இங்கே கிடைக்காது.

எனக்குத் தெரிந்த ஓர் இளம் ஹார்ட்வெயார் வியாபாரி. இரண்டு வருடமாக இப்படிக் கேட்டவர், கணக்கில் கெட்டிக்காரர். 12 பேர்ச் காணியோடு ஒரு பழைய கடை விலைக்கு வந்தது. உரிமையாளர் மௌத்தாகிவிட்டார், மூத்த மகன் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு விற்கிறார். தம்பி காணிப் பதிவகத்தில் போய்ப் பதிவேட்டின் பிரதி எடுத்தார். உறுதி தகப்பனின் பெயரில், ஈடு இல்லை, வழக்கு இல்லை, எல்லாம் சுத்தம். "நானா, வில்லங்கம் பார்த்துட்டேன், ஒண்டும் இல்ல" என்றார். 15 இலட்சம் முற்பணமும் கொடுத்தாயிற்று.

பதிவேடு பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் மரணிக்கும்போது அது தானாகப் போய்ப் பதிவேட்டில் எழுதப்படுவதில்லை. எழுதிவைக்காமல் மௌத்தாகும் முஸ்லிமின் சொத்து 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்ற உரிமை வாரிசுச் சட்டத்தின்படி நமது பாகப்பிரிவினை முறையில் வாரிசுகளுக்குப் போகிறது. அந்தக் குடும்பத்தில் மனைவி, இரண்டு ஆண்பிள்ளைகள், மூன்று பெண்பிள்ளைகள். மௌத்தானவரின் பெற்றோர் முன்பே போய்விட்டார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி எட்டில் ஏழு, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில். ஆகவே ஒவ்வொரு மகளுக்கும் எட்டில் ஒன்று, ஒவ்வொரு மகனுக்கும் எட்டில் இரண்டு. விற்க வந்த மூத்த மகனுக்குச் சொந்தம் நாலில் ஒரு பங்கு மட்டுமே, அதுவும் பிரிக்கப்படாத பங்கு. அவர் முழுக் காணிக்கும் உறுதி எழுதிக் கொடுத்தாலும் வாங்குபவருக்கு வருவது அந்த நாலில் ஒன்றுதான். மற்றவர்களிடமிருந்து பிரித்தெடுக்க 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். அது வருடக் கணக்கில் இழுக்கும்.

புத்தளத்தில் இருக்கும் மகள் செய்தி கேள்விப்பட்டு வந்தபோது உறுதி எழுத நான்கு நாட்கள்தான் பாக்கி. வாங்குதல் நின்றது. கொடுத்த 15 இலட்சத்தில் இதுவரை 9 இலட்சம் திரும்பியிருக்கிறது. அந்தத் தம்பி கேட்ட எந்தப் பொட்காஸ்டும் பிழையாகச் சொல்லவில்லை. அவர்களின் ஊருக்கு அது சரியாகவே இருக்கும்.

அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியும் இப்படித்தான். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவற்றைச் சாதாரண உறுதிக் காணி போல நினைத்த மாதிரிக் கைமாற்ற முடியாது. பிரதேச செயலகத்தில் கேட்காமல் விலை பேச வேண்டாம். மலிவாக வருகிறதே என்று பல கிராமங்களில் ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே கேட்கும் முறை பற்றி நான் தம்பிமாருக்குச் சொல்வது இதுதான். ஐந்தாறு நிகழ்ச்சிகளை ஒன்றாகக் கேட்டு மண்டையை நிரப்ப வேண்டாம். வாரம் ஒன்று போதும். புதியதிலிருந்து தொடங்காமல், ஆரம்பநிலைக்கென்று பெயரிட்டவற்றிலிருந்து தொடங்குங்கள். நட்டப்பட்டவர்களைக் கூட்டிவந்து பேசவைக்கும் நிகழ்ச்சியா என்று பாருங்கள். எல்லாரும் வென்றவர்களாகவே வந்தால் அது விளம்பரம். ஒரு கொப்பியில் இரண்டு பக்கம் பிரித்து, ஒரு பக்கத்தில் கணக்கு சம்பந்தமானதையும், மற்றப் பக்கத்தில் சட்டம், வரி, கடன் சம்பந்தமானதையும் எழுதுங்கள். கணக்குப் பக்கத்தை உங்கள் ஊரில் விலைக்கு வந்திருக்கும் ஓர் உண்மையான கடைக்குப் போட்டுப் பாருங்கள், வாங்குகிற எண்ணம் இல்லாவிட்டாலும் சரி. பத்துக் கடைக்குப் போட்டவருக்குப் பதினோராவது கடையின் விலை வாசலில் நிற்கும்போதே விளங்கும்.

மற்றப் பக்கத்தை நொத்தாரிசிடம் கொண்டுபோங்கள், அதுவும் விற்பவரின் நொத்தாரிசிடம் அல்ல, உங்களுடைய நொத்தாரிசிடம். 30 வருடத்துக்குப் பின்னோக்கி உறுதிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளானில் இருக்கும் எல்லையும் நிலத்தில் இருக்கும் மதிலும் ஒன்றா என்று சேவையரைக் கூட்டிப் போய் அளக்கச் சொல்லுங்கள். காணியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள், பத்து வருடம் எதிருரிமையாக இருந்தவர் உரித்துக் கோர இங்கே சட்டத்தில் இடமுண்டு. உறுதியில் உள்ளவர் மௌத்தாகியிருந்தால், அவருக்கு எத்தனை மனைவி, எத்தனை பிள்ளை, யார் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பதிவகத்தில் தேட வேண்டாம். அந்த ஊர்ப் பள்ளிவாசலில் ஒரு லுஹர் தொழுதுவிட்டு, முன் ஸப்பில் இருக்கும் வயதானவரிடம் கேளுங்கள்.