பேப்பர் கட்டும் கதை நோட்டும்

கொட்டச்சேடு,
ஏற்காடு.

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. காலையில் எமிஸ் தளத்தில் வருகைப்பதிவு, வரிசையாகப் பீரியடுகள், பாடக்குறிப்பு, திருத்த வேண்டிய பேப்பர் கட்டு என்று வாழப்பாடிப் பக்கம் உன் புது வேலை உன்னைச் சக்கையாகப் பிழிகிறது என்று புரிகிறது. “படிக்கிற காலத்திலேருந்து எழுத நினைச்ச நாவல் நோட்டிலேயே கிடக்குது டீச்சர். ஒரு புத்தகத்தைக்கூட முழுசா படிக்க முடியல. வேலையை விட்டுடலாமா?” என்று கேட்டிருக்கிறாய்.

விடாதே. சம்பளத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நீ எழுத நினைப்பது பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவல். அந்த வயதுப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக உன் எதிரில் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள், எதை மறைக்கிறார்கள், எந்த வார்த்தைக்கு முகம் சுளிக்கிறார்கள் என்று பார்க்க வேறு எழுத்தாளர்கள் எங்கே போவார்கள்?

உனக்கு முன்னால் பள்ளியும் எழுத்துமாக இந்த வண்டியை ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். கடலூரில் பள்ளிப் பணியில் இருந்துகொண்டேதான் இரா. நடராசன் எழுதினார். அவருடைய ‘ஆயிஷா’ 1996இல் கணையாழியில் வந்தது. கேள்வி கேட்டே வகுப்பறையில் அடிவாங்கிய ஒரு மாணவியின் கதையை, ஓர் ஆசிரியை தன் அறிவியல் புத்தகத்துக்கு எழுதும் முன்னுரையாக அமைத்திருப்பார். ஆசிரியர் அறையையும் கரும்பலகையையும் உள்ளிருந்து பார்த்தவரால் மட்டுமே அப்படி எழுத முடியும். ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ நூலுக்காக 2014இல் அவருக்குப் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. நம் மாவட்டத்து ஆத்தூர் அரசுக் கல்லூரியிலும் நாமக்கல்லிலும் தமிழ்ப் பாடம் நடத்திய பெருமாள்முருகனை எடுத்துக்கொள். ‘நிழல்முற்றம்’ சினிமாக் கொட்டகையில் வேலை செய்யும் பையன்களைப் பற்றியது. ‘கூளமாதாரி’ பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களைப் பற்றியது. இளையோருக்கென்று எழுதப்பட்டவை அல்லதான். ஆனாலும் அந்த வயதை எப்படி எழுத வேண்டும் என்று உனக்குக் கற்றுத்தரும்.

கடல் கடந்தும் இதே கதைதான். இங்கிலாந்தின் பிலிப் புல்மன் ஆக்ஸ்போர்டில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, கிரேக்கப் புராணங்களைப் புத்தகம் பார்க்காமல் வாயாலேயே வகுப்பில் சொல்லிவந்தார். பள்ளி விழாவுக்கு அவர் எழுதிய நாடகங்கள் சில பிற்பாடு நாவல்களாயின. நியூயார்க் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் நடத்திய ஃபிராங்க் மெக்கோர்ட்டுக்கு முதல் புத்தகம் வந்தபோது வயது 66. அத்தனை ஆண்டுகளும் வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழக்கிய சொந்த வாழ்க்கைக் கதைதான் அந்தப் புத்தகத்துக்கு அடித்தளம்.

இவர்களையெல்லாம் வைத்து நான் உனக்குச் சொல்ல வருவது ஒன்றுதான். நேரத்தைப் பாதி பள்ளிக்கு, பாதி எழுத்துக்கு என்று பங்கு போடப் பார்க்காதே. அப்படிப் பிரித்தால் பள்ளிதான் எப்போதும் ஜெயிக்கும். வேலையைப் பிரி. நாவலுக்குப் பின்னால் இருப்பது ஒரே வேலை இல்லை. புதிதாக எழுதுவது, படிப்பது, எழுதியதைச் சோதிப்பது என்று மூன்று. மூன்றுக்கும் வேண்டிய மனநிலை வேறுவேறு.

புதிதாக எழுத, களைக்காத மனது வேண்டும். மாலையில் அது உன்னிடம் இருக்காது. காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் அரைப் பக்கம் எழுது. அதற்கு மேல் வேண்டாம். அரைப் பக்கத்துக்கு நூறு சொல் என்று வைத்தாலும், பள்ளி வேலை நாள் 200க்கு ஆண்டு முடிவில் 20,000 சொல் சேர்ந்துவிடும். தமிழில் ஓர் இளையோர் நாவலுக்கு அது தாராளம். எழுதும்போது திருத்தாதே. பேப்பர் திருத்தும் சிவப்புப் பேனா அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கக் கூடாது. நம் தொழிலுக்கே உரிய வியாதி அது: வாக்கியம் முடிவதற்குள் பிழை தேடுவோம்.

‘மே மாத லீவில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம்’ என்றும் நம்பியிருக்காதே. மலையில் இருக்கிற எனக்கு மே மாதம் என்றால் கோடை விழா, மலர்க் கண்காட்சி, சேர்வராயன் கோயில் திருவிழா, சேலத்து வெயிலுக்குப் பயந்து மேலே ஏறிவரும் சொந்தபந்தம். உனக்கு வேறு பெயரில் அதே கூட்டம் வரும். விடுமுறையை ஆண்டு முழுதும் சேர்ந்த அரைப் பக்கங்களை வரிசைப்படுத்த வைத்துக்கொள். வெறும் கையோடு விடுமுறைக்குள் நுழைந்தால் வெறும் கையோடுதான் வெளியே வருவாய்.

படிப்புக்கு மாலையும் பஸ்ஸும் போதும். களைத்த மனதும் நல்ல கதைக்கு இடம் கொடுக்கும். ஆனால் எதைப் படிக்கிறாய் என்று பார். நம் பிள்ளைகள் தெனாலிராமன் கதையிலிருந்து ஒரே தாவலாகப் ‘பொன்னியின் செல்வ’னுக்குப் போகிறார்கள், இல்லையென்றால் போனுக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் பதிமூன்று, பதினான்கு வயதுக்கென்று தமிழில் நீண்ட காலம் பெரிதாக ஒன்றும் இல்லை. இப்போது அந்த இடம் மெல்ல நிரம்புகிறது. ரயில்வேயில் வேலை பார்த்த உதயசங்கர், கீழடியை ஒட்டி எழுதிய ‘ஆதனின் பொம்மை’ 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பாலியல் சீண்டலைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று பெரியவர்களுக்கே காட்டுகிறது. அதற்கு 2020இல் அதே விருது. விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வும் கைக்குக் கிடைத்தால் விடாதே. இவற்றோடு பூமணியின் ‘வெக்கை’யையும் வை. 1982இல் வந்தது, உன் பிள்ளைகளுக்கு ‘அசுரன்’ படமாகத் தெரியும். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கொலை செய்துவிட்டு அப்பனோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். ஆசிரியர் ஓரிடத்திலும் குறுக்கே வந்து புத்தி சொல்வதில்லை. தினமும் புத்தி சொல்லியே பிழைக்கிற நமக்கு அது பெரிய பாடம்.

பள்ளிக்கு வரும் ‘தேன்சிட்டு’ இதழைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதே, நீயும் படி. அரசின் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிநிலையில் இருக்கின்றன. எந்தப் பிள்ளை எந்தப் படியில் திணறுகிறது என்று ஒரு வாரம் கவனித்தால், உன் வாக்கியம் எவ்வளவு நீளம் போகலாம் என்று தெரிந்துவிடும். ஆசிரியர்களுக்கான ‘கனவு ஆசிரியர்’ இதழும் இருக்கிறது. நாவல் வளரும்வரை கை துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குச் சின்னச் சின்னதாக எழுதி அனுப்பு.

மூன்றாவது வேலை சோதிப்பது. அதற்கு உன் வகுப்பை விடச் சிறந்த இடம் கிடையாது. பாடத்தை முடித்துவிட்டு மிச்சமாகும் பத்து நிமிடத்தில் உன் கதையை வாசி. யார் எழுதியது என்று சொல்லாதே. சொன்னால் உனக்காகக் கை தட்டுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் நான் அப்படி ஓர் அத்தியாயம் வாசித்தேன். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் தனியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறுகிறாள். அழகாக வர்ணித்திருந்தேன்: கொண்டை ஊசி வளைவு, ஜன்னல் ஓரம், கண்ணீர். முன்வரிசையில் இருந்த ஒருத்தி கையைத் தூக்கினாள். “டீச்சர், இந்தப் பொண்ணுக்குப் பஸ்ஸுக்குக் காசு ஏது?” வகுப்பே பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. “நம்ம பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லையே,” என்றது ஒரு குரல். “மலை பஸ்ஸுக்கும் இப்ப ஃப்ரீதான்,” “அது எல்லா பஸ்ஸும் கிடையாது,” என்று வாக்குவாதம். “இறங்கினதும் பசிக்குமில்ல, அதுக்கு?” என்று பின்னாலிருந்து ஒருவன். என் வர்ணனையை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கதையிலும் முதலில் காசைத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது அவள் பாட்டியின் சுருக்குப்பை கதைக்குள் வந்தது, பாட்டியும் வந்தாள், கதை நிமிர்ந்தது.

பிள்ளைகளையும் எழுதவை. நம் பள்ளியில் எல்லா லீவ் லெட்டரும் காய்ச்சல்தான். கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கிற சமயம் பின்பெஞ்சு காலியாகும். மறுநாள் நீட்டும் காகிதத்தில் ‘காய்ச்சல் காரணமாக’ என்றே இருக்கும். மெக்கோர்ட் இதைத்தான் பிடித்துக்கொண்டார். பெற்றோர் எழுதியதாகப் பிள்ளைகளே புனைந்து கொண்டுவரும் கடிதங்கள் கட்டுரை நோட்டை விட நன்றாக இருக்கின்றனவே என்று கண்டு, ஆதாம் கடவுளுக்கு எழுதும் மன்னிப்புக் கடிதத்தைப் பாடமாகவே கொடுத்தார். நானும் யாருக்காக வேண்டுமானாலும் லீவ் லெட்டர் எழுதலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவன் காட்டெருமை எஸ்டேட் மேஸ்திரிக்கு எழுதுவதாக எழுதினான்: ‘நேற்று இரவு தங்கள் வேலியை உடைத்தது நான்தான். என் கன்றுக்குத் தண்ணீர் தேவைப்பட்ட காரணத்தால் அந்த வழியாக வர நேர்ந்தது.’ கட்டுரை நோட்டில் நாலு வரி தாண்டாத பையன் அவன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் எழுதியது அவர்களுடையது. அதை எடுத்து உன் நாவலில் ஒட்டாதே. அவர்கள் உன்னை நம்பித் தனியாகச் சொன்ன வீட்டுக் கஷ்டத்தை அதைவிடவும் தொடாதே. ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் கொடுமையைச் சொன்னால் முதலில் எடுக்க வேண்டியது போன், கதை நோட்டு இல்லை: குழந்தைகள் உதவி எண்ணான 1098, இல்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்றும் நினைக்காதே. கொட்டச்சேடு மாதிரி ஊரில், தேக்குக் காட்டுக்குப் பக்கத்து வீடு, அப்பா ஜீப் ஓட்டுகிறார் என்று இரண்டு அடையாளம் சொன்னாலே யார் வீடு என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். ஊரை மாற்று, குடும்பத்தை மாற்று, நடந்த வரிசையை மாற்று. உனக்கு அந்தச் சம்பவம் தேவைப்படாது. அந்தப் பிள்ளை அதை எப்படி மறைத்தது, எப்போது வாய் திறந்தது என்ற அறிவு தேவை. அது மட்டும் உன்னோடு வரட்டும்.

அலுவலக விஷயம் ஒன்று. அரசுப் பள்ளி ஆசிரியை நீ. புத்தகமாகப் போடும்போது 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் நூல் வெளியீடு பற்றி இருப்பதைப் படித்துவிட்டு, தலைமை ஆசிரியர் வழியாக எழுத்தில் தெரிவித்துவிடு. நகலைப் பத்திரமாக வை. பேப்பர் கட்டை ஒருநாளும் தள்ளிப் போடாதே. எழுதுகிற டீச்சர் பாடத்தைக் கவனிப்பதில்லை என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால், எத்தனை விருது வாங்கினாலும் அடங்காது. அதைவிட முக்கியம், அந்தப் பேப்பர் கட்டில் இருப்பது உன் கதையைக் கேட்கப் போகிற பிள்ளைகளின் மார்க்.

அரையாண்டு விடுமுறைக்குக் குப்பனூர் வழியாக வா, கொட்டச்சேட்டிலேயே இறங்கிக்கொள்ளலாம். நாவலைக் கொண்டுவர வேண்டாம். முதல் அத்தியாயத்தை வகுப்பில் வாசித்தபோது பிள்ளைகள் கேட்ட கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா. அடுத்த அத்தியாயத்தில் என்ன எழுதுவது என்று அதை வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
உன் டீச்சர்