நீ எந்த வட்டம்?

இந்திரா நகர், நெய்வேலி

அன்புள்ள பாப்பா,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய பதினோரு நிமிடப் பேச்சை மூன்று தடவை கேட்டேன். பெரியம்மா ஒரு தடவை கேட்டாள். "அவ்வளவு உசரத்துலேருந்தா குதிக்கிறா?" என்றாள், அதோடு சரி. மிச்சம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. எனக்கு அந்தக் கருவியைப் பார்த்துப் பேச வராது. எழுதித்தான் பழக்கம். உன் அப்பாவிடம் கொடுத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். பாராசூட்டில் பதினான்கு தடவை குதித்தாயிற்று. 25 ஆனால்தான் 'ஏ' லைசென்ஸ். இன்னும் பதினொன்று பாக்கி இருக்கும்போது விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாய். முதல் சனிக்கிழமை கவுண்ட்டரில் இருந்தவர் உன்னைப் பார்த்ததும், யார் குதிப்பதைப் பார்க்க வந்திருக்கிறாய் என்று கேட்டாராம். சொல்லித் தருபவருக்கு உன் பெயர் வாயில் நுழையவில்லை, இரண்டு எழுத்தாக வெட்டி எழுதிக்கொண்டார். சாயங்காலம் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கும்போது நீ பையைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வீட்டுக்குப் போகிறாய். யாரும் திட்டவில்லை, தள்ளவில்லை. அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றாய். போதாததற்கு அறையில் கூட இருக்கும் நம் பிள்ளைகள், "இது வெள்ளைக்காரன் வெளையாட்டு, நமக்கு எதுக்கு?" என்கிறார்கள். உன் அம்மாவோ, "வெயில்ல கறுத்துப் போயிட்டா யாரு கட்டிக்குவா?" என்கிறாள். அம்மா சொன்னதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வானத்துக்கு நிறம் கிடையாது, மேலே போனால் எல்லோரும் ஒன்று என்று உனக்கு யாராவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. 13,000 அடியில் குதித்தால் குடை விரிவதற்கு முன் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்காக சனி, ஞாயிறு முழுக்கத் தரையில் நிற்க வேண்டியிருக்கிறது. வரிசையில், குடை மடிக்கிற கூடத்தில், டீக்கடை மாதிரி ஏதோ ஒன்று இருக்குமே அதன் வாசலில். உன் கஷ்டம் அங்கே.

நான் பட்டாளத்தில் இருந்தபோது குதித்தது உனக்குத் தெரியும். எந்த யூனிட் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஆக்ராவில் 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். நான் நர்சிங் அசிஸ்டெண்ட். அங்கே போய்ச் சேர்ந்த புதிதில் என் காதில் விழுந்த முதல் பெயர் நம் பக்கத்துப் பெயர்: ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். டாக்டர். 1941-இல் வெள்ளைக்காரன் டெல்லியில் 50-வது பாராசூட் பிரிகேடை எழுப்பினான். அதில் மூன்று பட்டாலியன்: 151 பிரிட்டிஷ்காரர்களுக்கு, 152 இந்தியர்களுக்கு, 153 கூர்க்காக்களுக்கு. குதிக்கும் விமானம் ஒன்று, படுக்கும் பாரக் வேறு வேறு. அந்த 152-க்கு மெடிக்கல் ஆபீசராகப் போனவர் ரங்கராஜ். அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங் என்பவரும்தான் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியப் படையினர்.

இதில் எனக்குப் பிடித்த குறும்பு ஒன்று இருக்கிறது. மதராசிகள் சண்டைக்கு லாயக்கில்லை, அவர்கள் போர்க்குடி இல்லை என்று ஒரு சாத்திரமே எழுதி வைத்து, மதராஸ் காலாட்படையை 1920-களின் முடிவுக்குள் கலைத்துவிட்டார்கள். போர் வந்து ஆள் தேவைப்பட்ட பிறகுதான் மறுபடி எழுப்பினார்கள். அந்தச் சமயத்தில் ஆற்காட்டுப் பெயருடன் ஒருவர், துப்பாக்கி வழியாக வராமல் மருந்துப் பெட்டி வழியாக வந்து, இந்தியர்கள் எல்லோருக்கும் முன்னால் குதித்துவிட்டார்.

நீ இருக்கும் நாட்டின் கதை இன்னும் கசப்பு. ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்ட் பென்னிங் என்ற இடத்தில் அமெரிக்க ராணுவத்தின் பாராசூட் பள்ளிக்கூடம். 1943-இல் அங்கே கறுப்பினப் படையினருக்குக் கிடைத்த வேலை அந்தப் பள்ளிக்கூடத்தைக் காவல் காப்பது. குதிப்பவர்கள் வெள்ளையர்கள். முகாமில் இருந்த கடைக்குள் ஜெர்மன், இத்தாலியப் போர்க்கைதிகள் போகலாம், இவர்கள் போகக் கூடாது என்று அந்தக் காவல் கம்பெனியின் ஃபர்ஸ்ட் சார்ஜென்ட் வால்டர் மாரிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் என்ன செய்தார் தெரியுமா? பயிற்சி முடிந்து வெள்ளைக்காரப் பையன்கள் போன பிறகு, தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அதே மைதானத்தில், அதே மேடைகளில், பகல் முழுக்கப் பார்த்ததைச் சாயங்காலம் செய்து பழக்கினார். யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து ஜெனரல் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு மாரிஸைக் கூப்பிட்டனுப்பினார். அடுத்த வருடத் தொடக்கத்தில் கறுப்பினத்தவர் பதினாறு பேர் சிறகு பேட்ஜ் வாங்கினார்கள். பின்னால் அது 555-வது பாராசூட் பட்டாலியனாக வளர்ந்தது. ஆனாலும் ஐரோப்பியப் போர்முனைக்கு அவர்களை அனுப்பவில்லை. 1945-இல் ஓரிகான் பக்கம் அனுப்பினார்கள். ஜப்பான்காரன் பலூனில் கட்டிப் பறக்கவிட்ட குண்டுகளைத் தேடவும், காட்டுத் தீயின் நடுவே குதித்து அணைக்கவும்.

இப்போது இரண்டு கதைகளும் ஒன்றாகும் நாள். 1951 மார்ச் 23, கொரியாவில் முன்சான்-நி. அமெரிக்காவின் 187-வது வான்வழிப் படைப்பிரிவு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு குதித்தது. இந்தியா அந்தப் போருக்குச் சண்டைக்காரர்களை அனுப்பவில்லை, எங்கள் ஆம்புலன்ஸை மட்டும் அனுப்பியிருந்தது. அன்று ரங்கராஜ் தலைமையில் பன்னிரண்டு பேர் அமெரிக்கர்களோடு சேர்ந்து குதித்து, அடிபட்டவர்களுக்குக் களத்திலேயே அறுவை செய்தார்கள். அதே குதிப்பில் இன்னொரு கம்பெனியும் இருந்தது: இரண்டாம் ரேஞ்சர் கம்பெனி, ஆள் முழுக்கக் கறுப்பினத்தவர். ராணுவத்தில் இனப் பாகுபாடு கூடாது என்று ட்ரூமன் 1948-இலேயே ஆணை போட்டிருந்தார். கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆகியும் அவர்கள் தனிக் கம்பெனிதான். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. எங்கள் யூனிட்டில் அந்தக் குதிப்பைவிட இன்னொரு கதையைத்தான் அதிகம் சொல்வார்கள்: முந்தைய குளிர்காலத்தில் பியோங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்கும்போது, கைவிடப்பட்ட நீராவி ரயில் எஞ்சின் ஒன்றைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தாங்களே ஓட்டி, மருந்துச் சாமான்கள் அத்தனையையும் தெற்கே கொண்டுவந்தது. நர்சிங் அசிஸ்டெண்டுகளுக்கு அந்தக் கதை பிடிக்கும். சாமான் தூக்கினவர்கள் நாங்கள்தானே.

இதையெல்லாம் படித்துவிட்டு, "சரி பெரியப்பா, நானும் நிரூபிச்சுக் காட்டறேன்" என்று எழுதிவிடாதே. அது வேண்டாம் என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். மாரிஸுக்கு நிரூபிப்பதைத் தவிர வேறு கதவு இல்லை. உனக்கு என்ன வந்தது? நீ பணம் கட்டியிருக்கிறாய். ரோஷத்தில் மட்டும் குதிக்காதே, பாப்பா. மற்ற விளையாட்டில் ரோஷம் வந்தால் ஒரு கோல் கூடப் போடலாம். இதில் ரோஷம் வந்தவன் காற்று அதிகமாயிருக்கும் நாளில் ஏறுவான், இழுக்க வேண்டிய உயரத்தைத் தாண்டி ஒரு நொடி காத்திருப்பான், எல்லோரும் பார்க்கட்டும் என்று தரைக்குப் பக்கத்தில் வேகமாகத் திரும்புவான். இந்தக் காலத்து விபத்துகளில் கணிசமானவை குடை நன்றாக விரிந்த பிறகு, இறங்கும்போது நடப்பவை என்று உனக்கே பாடத்தில் சொல்லியிருப்பார்கள்.

உன் தாத்தா சுரங்கத்தில் நிலத்தடி நீர்ப் பிரிவில் வேலை பார்த்தார். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. பம்ப் போட்டு இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே வெட்ட முடியும். நிறுத்தினால் அடித்தரையைப் பிளந்துகொண்டு வரும். கோபத்தையும் அப்படித்தான் அன்றன்றைக்கு இறைத்துவிட வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பெயரை வெட்டினார்களா, அப்போதே நின்று, "முழுசா எழுதுங்க, மெதுவா சொல்றேன்" என்று சொல். சிரித்துக்கொண்டே சொல்லலாம், ஆனால் சொல். ஆறு மாதம் சேர்த்து வைத்தால் அது விமானத்துக்குள் உன்னோடு ஏறும்.

என்னை ஆக்ராவில் ஒருத்தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ மதராசி", அவ்வளவுதான். ஊர், மொழி, நிறம் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள். சிறகு வாங்க ஐந்து குதிப்பு, அதில் ஒன்று இரவில். அந்த இரவுக் குதிப்பில் பேக்கெட் விமானத்துக்குள் எனக்குப் பின்னால் நின்றவன் அவன்தான். முன்னால் நிற்பவனின் முதுகைப் பின்னால் நிற்பவன் சரிபார்க்க வேண்டும். கைவிளக்கு வெளிச்சத்தில் என் ஸ்டாடிக் லைனை ஒவ்வொரு மடிப்பாகத் தடவிப் பார்த்து, முதுகில் இரண்டு தட்டு தட்டினான். மல்புரா வயலில் இறங்கி, குடையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தால், சிகரெட்டோடு நிற்கிறான். "ஏ மதராசி, நெருப்பு இருக்கா?" சினிமாவாக இருந்தால் அங்கே அவன் என் பெயரைச் சொல்லியிருப்பான். சொல்லவில்லை. ஆனால் என் முதுகில் அவன் கை பட்டது பொய்யில்லை. இரண்டும் ஒரே ஆள்தான். எதை வைத்து அவனைக் கணக்கெடுப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. உன் இடத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். ஏறுவதற்கு முன் உன் கியரைக் கவனமாகப் பார்க்கிறவர் யார், பார்த்த மாதிரி விட்டுவிடுகிறவர் யார் என்று கவனி. பேச்சு எப்படியும் இருக்கட்டும். அந்தக் கவனத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டினால், யோசிக்காதே, அந்த இடத்தை விட்டு வேறு இடம் போ. அது தோல்வி இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தது 1958-இல், நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த மறு வருடம். எங்கள் டவுன்ஷிப்பில் எல்லோரும் வெளியூர். மலையாளத்தார், தெலுங்குக்காரர், வடக்கத்தியார், அனல் மின் நிலையம் கட்ட வந்த ரஷ்யாக்காரர்கள். அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் கடைக்கு வந்தால் நாங்கள் பத்துப் பேர் பின்னாலேயே போவோம், தலைமுடியைத் தொட்டுப் பார்க்கக்கூடக் கேட்டிருக்கிறோம். டவுன்ஷிப்பின் ஒவ்வொரு பகுதியையும் வட்டம் என்போம். எங்கள் வட்டத்து மைதானத்தில் ஒரு பையன் விளையாட வருவான். சுரங்கத்துக்கு நிலம் போன கிராமத்துப் பிள்ளை. வேட்டுவன் போட்ட வலை மாதிரி பந்தைப் பிடிப்பான். ஒரு நாள் நான் அவனைக் கேட்டேன்: "நீ எந்த வட்டம்?" அவனுக்கு வட்டம் இல்லை என்று தெரிந்தேதான் கேட்டேன். அவன் பந்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். மறுபடி வரவில்லை. நாங்கள் நின்றுகொண்டிருந்த மண் அவன் ஊர்க்காரர்களுடையது. எங்களுக்கு அங்கே வயது பத்து.

உன் கவுண்ட்டர்க்காரர் கேட்டதும் அதே கேள்விதான். அவருக்கு வயது கூட, அவ்வளவுதான். உன் அம்மா வெயிலைப் பற்றிச் சொன்னதும் தூரத்துச் சொந்தம். நம் வீட்டில் பெண் பார்க்கப் போய்விட்டுத் திரும்பி வரும்போது காரில் பேசிய பேச்சை நான் கேட்டிருக்கிறேன், சும்மா இருந்திருக்கிறேன். ஆகவே நீ இருக்கும் ஊர்க்காரர்களைப் பற்றித் தீர்ப்பு எழுத எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வலிக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். வலிக்கும். அந்தப் பையனுக்கும் வலித்திருக்கும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குடையை நீயே மடிக்கக் கற்றுக்கொள். மடிக்கிற கூடத்தில் முழங்காலில் உட்கார்ந்திருக்கும்போது பேச்சுத் தானாக வரும், நெருப்பைச் சுற்றி உட்காருவதைவிட அது சுலபம். ஒரு தடவை இருட்டின பிறகும் இருந்து பார். கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல், கையில் ஏதாவது தின்பதற்கு எடுத்துக்கொண்டு போ. முறுக்கு பார்சலில் வருகிறது, பெரியம்மா சுட்டது. இன்னொன்று, 2014-இல் கறுப்பின ஸ்கைடைவர்கள் சிலர் சேர்ந்து டீம் பிளாக்ஸ்டார் என்று ஒரு குழு தொடங்கினார்கள். அதில் ஒருவர் டேனியல் வில்லியம்ஸ் என்ற பெண், ராணுவத்தில் இருந்தவர். தங்களைப் போல ஒரு முகம்கூட இல்லாத மைதானங்களில் குதித்துக் குதித்து, ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தவர்கள். அவர்களுக்கு எழுது. நம் ஊர்ப் பெண் எதற்கு அவர்களிடம் என்று கூச்சப்படாதே. முன்சான்-நியில் ஒரே வயலில் இறங்கியிருக்கிறோம்.

உன் மைதானத்துக்குப் புதிதாக ஒருவர் வந்து வாசலில் தயங்கி நின்றால், அது எந்த ஊர் முகமாக இருந்தாலும், உன் கால் முதலில் நகரட்டும். எனக்காக.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு. பதினான்கு குதிப்பு யாரும் திருப்பி வாங்கப் போவதில்லை. ஆனால் உனக்குக் குதிப்பது பிடிக்கவில்லையா, குதிக்கிறவர்களைப் பிடிக்கவில்லையா என்று மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள். அந்தப் பதினோரு நிமிடத்தில் குடை விரிந்ததும் வரும் அமைதியைப் பற்றி மட்டும் நாலு நிமிடம் பேசியிருக்கிறாய். நான் கணக்குப் பார்த்தேன்.

அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இங்கே பலா முடிந்துவிட்டது, பண்ருட்டிக்காரர் கடைசியாகக் கொடுத்த ஒன்று சப்பென்று இருந்தது. பதினைந்தாவது குதிப்பை எழுதும் லாக்புக் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. கையெழுத்துப் போட்டவர் உன் பெயரை முழுசாக எழுதியிருக்கிறாரா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா