பழைய டீசல் பிக்கப் வாங்குமுன்: பிளாக் விரிசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

கொச்சி பிராட்வேயிலும், பக்கத்து எர்ணாகுளம் மார்க்கெட்டிலும், அக்கரையில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலும் சரக்கு அடிக்கும் பிக்கப்கள் ஓடுவதைவிட ஊர்வதுதான் அதிகம். முழுப் பாரம், முதல் கியர், ரேடியேட்டரில் காற்று படாத நெரிசல். 2005-ல் வந்த டாடா ஏஸோ, 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்தோ, பொலேரோ பிக்கப்போ, இப்படி உழைத்த வண்டியைப் பழையதாக வாங்குபவர் பெயின்ட்டுக்கும் டயருக்கும் முன்னால் இன்ஜின் பிளாக்கைப் பார்க்க வேண்டும்.

குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்து பிளாக் பிளக்கும். இங்கே சூடுதான் எதிரி. கொதித்து நின்ற இன்ஜினில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு ஒரே சீராகச் சுருங்காது, விரிசல் விடும். கூலண்டுக்குப் பதில் உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் நீர்ப்பாதை துருவில் அடைபட்டு ஓரிடம் மட்டும் தகிக்கும். மேற்குக் கொச்சி வண்டியில் இதை அவசியம் விசாரியுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதையும் கேளுங்கள். சிலிண்டரில் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்து பிளாக்கையே உடைக்கும். வார்ப்பிலேயே குறை இருப்பதும் உண்டு. 1990-களின் கடைசியில் அமெரிக்க டாட்ஜ் ராம் பிக்கப்களில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜின்களில், ‘53’ என்று எண் வார்த்த பிளாக்குகள் நீர்ச்சுவர் மெலிந்து விரிசல் விடுவதில் பேர்போனவை.

முதல் வேலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது போவது. காலையில் போங்கள், ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். ஹெட்டில் கை வைத்துச் சூடு தெரிந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். இதில் தயவுதாட்சண்யம் வேண்டாம். சூடான இன்ஜின் பாதி நோயை மறைத்துவிடும்.

அடுத்து டார்ச் அடித்து பிளாக்கின் பக்கங்களை, குறிப்பாக மேனிஃபோல்டுக்குக் கீழே, விரலால் தடவிப் பாருங்கள். காய்ந்த பச்சை அல்லது வெள்ளைக் கோடு, துருக் கசிவு, ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், எம்-சீல் பூசிய மேடு என எது தட்டுப்பட்டாலும் காரணம் கேளுங்கள்.

டிப்ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசான வெள்ளைப் படலம் இருந்தால் பயப்பட வேண்டாம். மழைக்காலத்தில் குட்டி ஓட்டம் ஓடும் வண்டிகளில் அது சகஜம்.

இனி ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து (ஆறிய இன்ஜினில் மட்டும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்) ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதலில் வரும் சில குமிழ்கள் தேங்கிய காற்றாக இருக்கலாம். நிற்காமல் வந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடினால், எரிந்த வாயு தண்ணீரில் இறங்குகிறது. சந்தேகம் தீர, மெக்கானிக்கிடம் கைப்பம்பு வைத்து மூடியில் போட்ட அழுத்தத்துக்கு ஏற்றிக் கால் மணி நேரம் விடச் சொல்லுங்கள். முள் இறங்குகிறது, வெளியே சொட்டு இல்லை என்றால் கசிவு உள்ளே.

இத்தனையும் தெரிந்தாலும் பிளாக் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஹெட் கேஸ்கட் போனாலும், ஹெட் விரிந்தாலும் இதே அறிகுறிகள்தான். ஆயில் கூலர் ஓட்டையானாலும் ஆயிலும் தண்ணீரும் கலக்கும். அதை மாற்றுவது சின்ன வேலை. ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துப் பார்த்தால் மயிரிழை விரிசலும் சிவப்புக் கோடாக எழும்பும். இந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.

வெளிச்சுவரில் விரிசல் என்றால் மெட்டல் ஸ்டிச்சிங் தாங்கும். முன்சூடு ஏற்றாமல் வைக்கும் சாதாரண வெல்டிங் பக்கத்திலேயே மறுபடி விரியும். சிலிண்டர்களுக்கு நடுவில் விரிசல் என்றால் வேறு பிளாக்தான்.

பிளாக் ஏற்கெனவே மாற்றிய வண்டியானால் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு பிளாக்கில் பொறித்த இன்ஜின் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி இந்த மாற்றம் ஆர்.டி.ஓ. பதிவில் ஏற வேண்டும். கே.எல்-07 எர்ணாகுளம், கே.எல்-43 மட்டாஞ்சேரி வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர 28-ஆம் படிவத்தில் என்.ஓ.சி. வேண்டும், எண் பொருந்தாத வண்டி அங்கேயே சிக்கிக்கொள்ளும். பதிவைச் சரிசெய்வது விற்பவர் பொறுப்பு. அது முடியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.